மகுலாவில் தொடங்கிய சேவை

1897ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் கால்நடையாகச் சென்றுகொண்டிருந்தார் இராமகிருஷ்ணரின் நேர்ச்சீடர் சுவாமி அகண்டானந்தர். வழியில் ஓர் இசுலாமியச் சிறுமி, வீட்டின் ஒரே குடம் உடைந்துவிட்டதென அழுதுகொண்டிருந்தாள். கையிலிருந்த சில்லறையில் புதுக்குடமும் சிறிது தின்பண்டமும் வாங்கித் தந்தார். உடனே பசித்த சிறுவர் கூட்டமொன்று அவரைச் சூழ்ந்துகொண்டது. பயணம் மகுலாவில் நின்றது. விவேகானந்தர் உதவியாளர்களை அனுப்ப, மே 15 அன்று அரிசி வழங்கல் தொடங்கியது. இராமகிருஷ்ண இயக்கம் தோன்றி அப்போது இரண்டே வாரங்கள்.

'சேவை' என்ற சொல் இங்கே கவனத்திற்குரியது. அதுவரை அது பெரிதும் தெய்வ வழிபாட்டைக் குறித்தது. தமிழ் வைணவர் வழக்கில் இன்றும் பெருமாள் தரிசனம் சேவையே. பசித்த மனிதரைத் தெய்வமாகக் கொண்ட விவேகானந்தரின் சிந்தனை அச்சொல்லை அரிசி மூட்டைக்கு அருகில் கொண்டுவந்தது.

வரலாற்றெழுத்து பெரும்பாலும் அரிசியோடு நின்றுவிடுகிறது. பஞ்சம் தணிந்தபின்னும் அநாதைச் சிறுவர்கள் எஞ்சினர் என்பதே உண்மையான சிக்கல். அகண்டானந்தர் அவர்களுக்கென ஓர் இல்லம் அமைத்து, எழுத்தோடு நெசவும் தச்சும் கற்பித்தார். மதம் அங்கே தகுதியாகக் கேட்கப்படவில்லை. கஞ்சி வார்ப்பதைவிட இது மெதுவான வேலை, நன்கொடையாளரை எளிதில் ஈர்க்காத வேலையும்கூட. அவ்வில்லம் பின்னர் அருகிலுள்ள சார்காச்சியில் நிலைபெற்றது. 1934இல் இயக்கத்தின் தலைவரான பிறகும் அவர் பெரிதும் அவ்வூரிலேயே வாழ்ந்தார்.