'என்னால் இயலும்': கையின்றிக் கற்றோர் வரலாறு



எழுத்து என்றதும் நம் நினைவுக்கு வருவது கை. 'கையெழுத்து' என்னும் சொல்லே அதற்குச் சான்று. கைகள் இயங்காதவருக்குக் கல்வியின் வாயில் எவ்வாறு திறந்தது என்பதை இன்று சிறிது நோக்குவோம்.

1960ஆம் ஆண்டளவில், இங்கிலாந்திலுள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், கைகால் செயலிழந்த நோயாளர்கள் உதவிக்கு ஆளழைக்க ஊதுகுழல் ஒன்றையே நம்பியிருந்தனர். இதனைக் கண்டார் ரெஜ் மேலிங் என்பார். மூச்சினால் குழல் ஒலிக்குமாயின், பொறியும் இயங்கலாமன்றோ? குழாயில் ஊதியும் உறிஞ்சியும் தட்டச்சுப் பொறியை இயக்கும் கருவியை அவர் ஆக்கினார். அதன் பெயர் 'பொசம்'. இலத்தீன் மொழியில் 'என்னால் இயலும்' என்பது அதன் பொருள்.

தமிழருள்ளும் ஒரு சான்று உண்டு. கும்பகோணத்திற் பிறந்த மாளவிகா ஐயர், 2002இல் பிக்கானீரில் நேர்ந்த குண்டுவெடிப்பில் தமது பதின்மூன்றாம் வயதில் இரு கைகளையும் இழந்தார். பின்னர்ச் சென்னையில், தாம் சொல்லச் சொல்லப் பிறர் எழுதப் பத்தாம் வகுப்புத் தேர்வில் சிறந்து தேறி, முனைவர் பட்டமும் பெற்றார். அன்று பிறர் கையைக் கடன்கொள்ள வேண்டியிருந்தது. 2017இல் கூகுள் நிறுவனம் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் வசதியை அளித்தபின், குரலே எழுதுகோலாயிற்று.

ஆயினும், கருவி இருந்தும் வாயில் அடைபடுவதுண்டு. 2020இல் கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில், குச்சவெளியில் என் மாணவன் ஒருவன் கைப்பேசியிற் பாடம் கேட்டான். பிறப்பிலிருந்தே அவனுக்குக் கைகள் வழங்கா. வினாவுக்கு விடை அறிந்திருந்தான். அதனை விரலால் இழுத்துக் கட்டத்துள் வைக்குமாறு பாடம் பணித்தது. விடை தெரிந்தவன் தோற்றான்.

அவனது குறையா அது? அன்று. மூச்சுக்குழாயும் ஒற்றை விசையும் கணினிக்குப் பெரும்பாலும் விசைப்பலகை போலவே செய்தி அனுப்புகின்றன. ஆதலால், விசைப்பலகையால் மட்டுமே எல்லாம் இயங்கவேண்டும் என உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008இல் வகுத்த நெறி கூறிற்று. இழுத்துவைக்கும் செயலுக்கு மாற்றுவழி வேண்டும் என 2023இல் மேலும் விதித்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை நம் நாடும் 2016இல் ஏற்றுள்ளது.

ஆசிரியப் பெருமக்களே, நீங்கள் ஆக்கிய பாடத்தைப் பிள்ளைகளிடம் அளிக்குமுன், சுட்டியைத் தொடாது, விசைப்பலகையால் மட்டும் ஒருமுறை முடித்துப் பாருங்கள். உங்களால் இயன்றால், அவனும் 'என்னால் இயலும்' என்பான்.