கண்ணாடித் தட்டில் ஒரு குடல்

"மஞ்சள் குடல் அழற்சிக்கு நல்லதாம், ஆய்வு சொல்லுது" என்று யாராவது சொன்னால் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இது: எதில் செய்த ஆய்வு? மனிதரிலா, எலியிலா, இல்லாவிட்டால் தட்டில் வளர்த்த கலங்களிலா? பெரும்பாலும் தட்டில் வளர்த்த கலங்களில்தான் இத்தகைய ஆய்வுகள் தொடங்குகின்றன. அந்தக் கலங்கள் யாருடையவை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு.

மனிதக் கலங்களை உடலுக்கு வெளியே வளர்ப்பது முன்னர் லேசுப்பட்ட காரியமாக இருக்கவில்லை. கொஞ்ச நாளில் செத்துப் போயிடும். 1951 இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹென்றியேட்டா லக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றிலிருந்து எடுத்த கலங்கள் மட்டும் சாகாமல் பெருகின. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதே ஆண்டு 31 வயதில் அவர் காலமானார். அவருடைய கலங்கள் உலகெங்கும் போயின.

குடலின் கதை நியூயோர்க்கில் தொடங்குகிறது. ஸ்லோன் கெட்டரிங் நிறுவனத்தில் யோர்கன் ஃபோ என்ற ஆய்வாளர் பலருடைய புற்றுக் கலங்களை வளர்த்து வந்தார். 1964 இல் 44 வயதுப் பெண் ஒருவரின் பெருங்குடற் புற்றிலிருந்து எச்டி-29 கிடைத்தது. பின்னர் 72 வயது முதியவர் ஒருவரிடமிருந்து காக்கோ-2 வந்தது. 1977 இல் வெளியான அவருடைய கட்டுரையில் 127 கலவரிசைகள் இருந்தன. அந்த முதியவரின் வயதும் நோயும் பதிவில் உள்ளன. பெயர் இல்லை.

1983 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு புதினத்தை அறிவித்தார்கள். காக்கோ-2 கலங்கள் தட்டை நிரப்பியபின் ஏறத்தாழ மூன்று வாரம் விட்டு வைத்தால், பெருங்குடற் புற்றில் பிறந்த அவையே சிறுகுடற் கலங்களைப் போல மாறுகின்றன. நுண்சடைமுளைகள் வளரும், சீனியை உடைக்கும் நொதியம் சுரக்கும், பக்கத்துக் கலத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும். இவற்றை நுண்துளை மென்சவ்வில் வளர்த்தால் மேலே குடலின் உட்புறம், கீழே குருதிப் பக்கம் என ஒரு சிறு சுவர் கிடைக்கும். அழற்சியைத் தூண்டும் புரதத்தை ஊற்றினால் சுவர் கசியும், மின்தடை குறையும், இன்டர்லூகின்-8 கூடும். உணவுச் சாற்றைச் சேர்த்து இந்தக் கசிவு குறைகிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு.

ஆனால் இது பாதிக் குடல்தான். காக்கோ-2 தனியே நின்றால் அதன் மேல் உண்மைக் குடலிலுள்ள சளிப்படை இல்லை, பக்டீரியாவும் இல்லை, குருதியோட்டமும் இல்லை. நாம் தின்னும் மஞ்சள் வயிற்றமிலத்தையும் பித்தத்தையும் தாண்டித்தான் குடலுக்குப் போகிறது. தட்டிலோ அதன் சாற்றை நேரே ஊற்றுகிறார்கள். இந்தக் குறையைப் பார்த்துத்தான் 2014 இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், உணவை முதலில் ஆய்வுகூடத்திலேயே சமிக்க வைக்கும் பொதுமுறை ஒன்றை வகுத்தார்கள்.

அளவு என்பதும் பெரிய விஷயம். தவிடு, பருப்பு, கீரை ஆகியவற்றின் நாரைப் பெருங்குடற் பக்டீரியா நொதிக்கச் செய்யும்போது பியூட்டிரேற்று உண்டாகிறது. பெருங்குடற் கலங்களின் முக்கிய எரிபொருள் இதுவே என்பது 1980 இல் தெரியவந்தது. காக்கோ-2 சுவரில் இதைக் குறைந்த அளவில் சேர்த்தால் சுவர் உறுதிப்படுகிறது. அளவுக்கு மிஞ்சினால் அதே பொருள் சுவரைக் கெடுக்கிறது. "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு "எவ்வளவு" என்பதை விட்டால், சொன்னது பாதிதான்.

2009 இல் நெதர்லாந்தில் எலிக் குடலின் ஒரேயொரு தண்டுக் கலத்திலிருந்து குட்டிக் குடலொன்றை வளர்த்தார்கள். 2011 இல் மனிதக் குடலிலிருந்தும் வளர்த்தார்கள். இப்போது நோயாளி சம்மதித்துக் கொடுக்கும் துளி இழையத்தில், அவருடைய நோயையே ஆராயலாம். ஹென்றியேட்டாவிடம் கேட்காததை இன்று கேட்கிறார்கள்.

ஆகவே கறியில் மஞ்சள் போடுவதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. தட்டில் கண்ட பலனை நம்பி வைத்தியர் தந்த மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து. தட்டிலிருப்பது, பெயர் தெரியாத ஒரு முதியவரின் நோய்ப்பட்ட குடலின் சிறு துண்டு. அது வழிகாட்டும், மருந்துச் சிட்டை எழுதாது.