சிஹெச்ரூட்டின் பிறப்பும் முகவர் நிரல்களின் சாண்ட்பாக்ஸும்: ஒரு மறுவாசிப்பு

செயற்கை நுண்ணறிவு முகவர்கள் அவ்வப்போது எழுதி ஓட்டும் தற்காலிக நிரல்களை அடைத்துவைக்கும் சாண்ட்பாக்ஸுக்கு ஒரு வம்சாவளி சொல்லப்படுகிறது: ஒரு நிரலின் வேர்க் கோப்பகத்தை மாற்றும் யுனிக்ஸ் அழைப்பான சிஹெச்ரூட், ஃபிரீபிஎஸ்டி ஜெயில் (2000), டாக்கர் (2013), பிறகு முகவர். இதன் முதற்கண்ணி பற்றி அதிகம் எடுத்தாளப்படுவது பெர்க்லி யுனிக்ஸ் உருவாக்குநர்களில் ஒருவரான மார்ஷல் கர்க் மக்கூசிக்கின் நினைவுக்கூற்று. தம்மோடு பணியாற்றிய பில் ஜாய் 1982 மார்ச் 18 அன்று பெர்க்லி யுனிக்ஸில் சிஹெச்ரூட்டைச் சேர்த்தார் என்கிறார் அவர். பெர்க்லி யுனிக்ஸின் ஒரு பதிப்பான 4.2 பிஎஸ்டியை அதன் சொந்தக் கோப்புகளை மட்டும் கொண்டு கட்டிப்பார்க்கவே அது பயன்பட்டிருக்கும் என்பது அவருடைய ஊகம்.

இந்தத் திகதியைப் பிறப்பாக ஏற்க முடியாது. 1979 ஜனவரியில் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸ் கையேட்டிலேயே சிஹெச்ரூட் இருக்கிறது. அந்தப் பக்கத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சிஹெச்ரூட்டுக்குத் தனிப்பக்கம் கிடையாது. நடப்புக் கோப்பகத்தை மாற்றும் சிஹெச்டிர் அழைப்போடு ஒரே தலைப்பின் கீழ் அது நிற்கிறது. சாய்கோட்டில் தொடங்கும் பாதைகளுக்கு எது வேர் என்பதை அது மாற்றும் என்ற விளக்கமும், சூப்பர் யூசர் மட்டுமே அழைக்கலாம் என்ற கட்டுப்பாடும் உண்டு. பாதுகாப்பு, சிறை, அந்நிய நிரல் என்ற பேச்சே இல்லை.

அந்தக் கட்டுப்பாடுதான் என் வாதத்துக்கு அச்சாணி. சாதாரணப் பயனர் ஒருவர் வேரை மாற்ற முடிந்தால், தன் கையால் எழுதிய கடவுச்சொல் கோப்பை அங்கே வைத்து, உயர் அதிகாரம் பெற்ற நிரலை ஏமாற்றிவிடலாம். அப்படியானால் அக்காலத்தவர் சிஹெச்ரூட்டைக் காவற்கருவியாக அல்ல, காவல் வைக்கவேண்டிய கருவியாகவே கண்டார்கள். கையேடு காரணம் எதையும் எழுதவில்லை; மௌனத்திலிருந்து வாதிடுகிறேன் என்பது தெரிந்தே சொல்கிறேன். ஆனால் அந்த மௌனத்தை வம்சாவளிக்காரர்கள் நிரப்பும் விதத்துக்கு இந்த அளவு ஆதாரம்கூட இல்லை.

ஆக, மக்கூசிக்கின் திகதியை மறுக்கும் நான் அவருடைய ஊகத்தின் பக்கமே நிற்கிறேன். சிஹெச்ரூட் தந்தது சுத்தமான, கலைத்துவிடக்கூடிய ஓர் இடம். 1982 மார்ச்சில் ஜாய் செய்தது என்ன? ஏழாம் பதிப்பிலிருந்து பிறந்த 32வி யுனிக்ஸ் வழியாகவே பெர்க்லி வளர்ந்தது. எனவே ஜாய் செய்தது 4.2 பிஎஸ்டியின் புதிய கோப்பு முறைமைக்கேற்பச் செய்த மறுசேர்ப்பாக இருக்கலாம். உறுதியாகச் சொல்வதற்கில்லை.

அடைத்தல் என்ற சிந்தனைக்கு வேறு தாய்வீடு உண்டு. நம்பத்தகாத நிரலிடம் கொடுத்த தரவு வெளியே கசியாமல் தடுப்பது எப்படி என்று கணினி அறிவியலாளர் பட்லர் லாம்ப்சன் 1973இலேயே கேட்டுவிட்டார். கொழும்பிலும் அக்கேள்வி நேரடியாக எழுந்தது. 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் அஃப்கம் அசீஸ் உள்ளிட்டோர், பல வாடிக்கையாளர்களின் சேவைகளை ஒரே தளத்தில் ஓட்டும் கட்டமைப்பை 2010இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். அடுத்தவர் எழுதிய நிரலைத் தன் கணினியில் ஓட்டுபவரின் சிக்கல் அது. முகவர் விவகாரத்துக்குச் சிஹெச்ரூட்டைவிட இதுவே நெருங்கிய உறவு. ஆனால் அத்தகைய ஜாவாத் தளங்கள் நம்பிய, நிரலின் அனுமதிகளைக் கட்டுப்படுத்தும் செக்யூரிட்டி மேனேஜர், ஜாவா 17இல் (2021) கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்து, ஜாவா 24இல் (2025) முற்றாக முடக்கப்பட்டது. மொழிக்குள்ளேயே போட்ட வேலி நிலைக்கவில்லை.

முகவரின் நிலை இன்னும் கடுமையானது. அடுத்த நொடி அது என்ன நிரல் எழுதும் என்பது ஓட்டுபவருக்கே தெரியாது; அது வாசிக்கும் ஒரு கோப்பில் ஒளிந்திருக்கும் கட்டளை அதைத் திசைதிருப்பலாம். டாக்கர் போன்ற கொள்கலன்களோ ஹோஸ்டின் கர்னலையே பகிர்கின்றன. இதனால்தான் 2018இல் வந்த ஜிவைசர் என்ற சாண்ட்பாக்ஸ், நிரலுக்கும் கர்னலுக்கும் இடையே இன்னொரு கர்னலை நிறுத்தியது; அதே ஆண்டின் ஃபயர்கிராக்கர் ஒவ்வொரு பணிக்கும் தனிக் கர்னலோடு சிறு மெய்நிகர் இயந்திரத்தை 125 மில்லிநொடிக்குள் எழுப்பி, வேலை முடிந்ததும் அழித்துவிட வழிசெய்தது. கலைத்துவிடுவதும் அடைப்பதும் இங்கேதான் ஒன்றாகச் சேர்கின்றன.

கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறையிலிருந்து முகவர் எழுதும் இளைஞருக்கு, கலைத்துவிடுவதற்கும் அடைப்பதற்கும் உள்ள வேறுபாடு நடைமுறைக் கேள்வி. தற்காலிகக் கோப்பகம் ஒன்றை வேராக்கிவிட்டு முகவர் எழுதும் நிரலுக்கு ரூட் (சூப்பர் யூசர்) அதிகாரமும் கொடுத்தால், அது இன்னொரு சிஹெச்ரூட் அழைப்பால் வெளியே வந்துவிடும். இணையமும் திறந்திருந்தால் ஏபிஐ சாவிகள் போய்விடும்.