நிறம் சொல்லும் சாட்சியம்: விஸ்கிப் புட்டியின் வரலாறு

வடித்தெடுத்த விஸ்கிக்கு நிறமில்லை, நீரைப்போல் தெளிந்திருக்கும். ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போதுதான் அதில் பொன்னிறமும் செம்பழுப்பும் ஏறுகின்றன. எனவே அடர்நிற விஸ்கியே முதிர்ந்தது என்று அருந்துவோர் கருதியதில் வியப்பில்லை. ஆயினும் நிறம் வயதுக்கு உறுதியான சான்று அன்று. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய் சில ஆண்டுகளிலேயே அடர்நிறம் தந்துவிடும். பலமுறை பயன்பட்ட பீப்பாயில் நெடுங்காலம் கிடந்த விஸ்கியும் வெளிறியே இருக்கக்கூடும். கண்ணின் சாட்சியத்துக்கும் நாவின் தீர்ப்புக்கும் இடையிலான இந்த இடைவெளியில்தான் விஸ்கிப் புட்டியின் வரலாறு நிகழ்ந்தது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஸ்காட்லாந்து விஸ்கி பெரும்பாலும் பீப்பாய்களிலும் மண்சாடிகளிலும் விற்பனையாயிற்று. கண்ணாடி மீதான வரியைப் பிரிட்டன் 1845இல் நீக்கியபின் புட்டிகள் மலிந்தன. பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் கடைக்காரர் நீரையோ மட்டமான சாராயத்தையோ கலக்க முடியும். மூடி முத்திரையிட்ட புட்டியில் அது எளிதன்று. அழகுப்பொருளாக ஆவதற்கு முன்பு புட்டி நம்பிக்கைக்கான பிணையாக இருந்தது. ஜானி வாக்கரின் சதுரப் புட்டிகூடப் பெட்டியில் நெருக்கமாக அடுக்கவும் உடைவைக் குறைக்கவும் உதவியது. சாய்த்து ஒட்டிய லேபிளில் எழுத்துகளைப் பெரிதாக அச்சிட முடிந்தது. 1909இல் அந்நிறுவனத்தின் விஸ்கிகள் சிவப்பு லேபிள், கருப்பு லேபிள் என்று பெயர்பெற்றன. லேபிளின் நிறமே சரக்கின் பெயராயிற்று.

பிணையே மோசடிக்கும் துணைபோனது. 1898இல் வீழ்ந்த பேட்டிசன் சகோதரர்களின் நிறுவனம், மலிவான தானியச் சாராயத்தில் சிறிதளவு நல்ல மால்ட் விஸ்கியைக் கலந்து, உயர்ந்த பழைய கிளென்லிவெட் என்ற பெயரில் விற்றது. சகோதரர் இருவரும் 1901இல் சிறை சென்றனர். மோசடி அல்லாத, சட்டம் ஏற்கும் ஒப்பனையும் உண்டு. ஒவ்வொரு தொகுதியும் ஒரே நிறத்தில் அமையக் கேரமல் நிறமி சேர்ப்பதை 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகளும் அனுமதிக்கின்றன. தெளிந்த கண்ணாடி இந்த நிறத்தைக் காட்சிப்படுத்துகிறது. பச்சைக் கண்ணாடியோ அதை மறைக்கிறது. கிளென்ஃபிடிக்கின் பச்சை முக்கோணப் புட்டியையும் ஆர்ட்பெக்கின் கரும்பச்சைப் புட்டியையும் கையில் எடுப்பவர், உள்ளிருக்கும் நிறத்தை அறியாமலேயே பழமையையும் மலைநாட்டையும் கற்பனை செய்துகொள்கிறார்.

இக்கற்பனை நாவையும் எட்டுகிறது. 2001இல் வெளியான போர்தோ ஆய்வொன்றில், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை ஒயினை, ஒயினியல் மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். 2013இல் லண்டனில் நானூறுக்கும் மேற்பட்டோர் ஒரே விஸ்கியுடன் மூன்று அறைகளுக்குச் சென்றனர். பசுமையான அறையில் அதன் புல்மணமும், செந்நிற அறையில் இனிப்பும், மரத்தாலான அறையில் மரச்சுவையும் மிகுந்து தோன்றின. கோப்பையில் எதுவும் மாறவில்லை.

இந்தப் பின்னணியில் இந்திய வழக்கு ஒன்று மறுவாசிப்புக்கு உரியது. கோடே நிறுவனம் 1968 முதல் தயாரித்த பீட்டர் ஸ்காட் விஸ்கியின் பெயரை எதிர்த்து ஸ்காட்ச் விஸ்கி சங்கம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2008இல் கோடேவுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. சங்கத்தின் நெடுங்காலத் தாமதம் அதற்கு முக்கியக் காரணம். ஸ்காட்ச் வாங்குவோர் விவரமறிந்த வகுப்பினர், எளிதில் குழம்பமாட்டார்கள் என்ற கருத்தும் தீர்ப்பில் இடம்பெற்றது.

பெயரைப் பெயரிலிருந்து பிரித்தறியும் திறன் வேறு. தோற்றத்திலிருந்து சுவையைப் பிரித்தறியும் திறன் வேறு. சட்டம் முன்னதைக் கருதுகிறது. பின்னது பயின்றவர்க்கும் எளிதில் வாய்ப்பதில்லை என்பதற்கு அந்த ஒயினியல் மாணவர்களே சான்று. கலவை வல்லுநர் சிலர் நிறம் தெரியாத நீலக் கோப்பைகளில் முகர்ந்து பார்ப்பதும் இதனால்தான். அவர்கள் தங்கள் மூக்கை நம்புகிறார்கள். தங்கள் கண்ணை நம்புவதில்லை. பிறர் கலப்படம் செய்யாமல் காக்கப் பிறந்த புட்டி, அருந்துபவரின் தீர்ப்பிலேயே கலந்துவிட்டது. சுவையின் வரலாற்றை எழுதுவோர் சரக்கின் வரலாற்றோடு நிறுத்திக்கொள்ள முடியாது. கலனின் வரலாற்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.