கார்-டி செல் சிகிச்சையும் தனிநபர் தடுப்பூசியும்

ரத்தப் புற்றுநோயாளியின் எதிர்ப்பாற்றல் செல்களான டி செல்களைப் பிரித்தெடுத்து, புற்றுச் செல்லை இனங்காணும் ஏற்பியை மரபணு வழியே பொருத்தி, பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றுவது கார்-டி செல் சிகிச்சை. அவருடைய புற்றின் அடையாளங்களை அவருடைய எதிர்ப்பாற்றலுக்குக் காட்டிக்கொடுப்பது தனிநபர் தடுப்பூசி. தடுப்பூசி என்று பெயர் இருந்தாலும், வந்துவிட்ட நோயை எதிர்க்கவே இது போடப்படுகிறது. இரண்டையும் இணைக்கும் முறை இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

பெரும்பாலான கார்-டி செல்கள் சிடி19 என்ற ஒரே புரதத்தைத் தேடுகின்றன. அதை உதறிவிட்ட புற்றுச் செல் தப்பித்துக்கொள்ளும், நோய் திரும்பும். ஏற்றிய செல்கள் நாளடைவில் சோர்ந்துபோவதும் உண்டு. தடுப்பூசியோ ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்களைக் காட்டி, நோயாளியின் மாற்றப்படாத டி செல்களையும் எழுப்புகிறது.

பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் டேவிட் அவிகன் குழு, நோயாளியின் ரத்தப் புற்றுச் செல்லை டி செல்களுக்கு அடையாளம் காட்டும் அவரது டென்ட்ரைட்டிக் செல்லோடு ஒட்டவைத்துத் தடுப்பூசி தயாரித்தது. 2016இல் வெளியான முடிவில், கீமோதெரபியால் நோய் அடங்கியிருந்த 17 பேரில் 12 பேருக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேலாகியும் நோய் திரும்பவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதை நம்பிக்கைக் குறியாக மட்டுமே கொள்ளலாம். இரண்டையும் இணைக்கும் முயற்சியாக, அமெரிக்க ஆய்வாளர் டாரல் இர்வினின் குழு 2019இலும் 2023இலும் கட்டிப் புற்று கொண்ட எலிகளுக்குக் கார்-டி செல்லோடு தடுப்பூசியும் கொடுத்தது. ஏற்றிய செல்கள் பெருகின. இலக்குப் புரதம் இல்லாத புற்றுச் செல்களையும் எலியின் சொந்த டி செல்கள் அழித்தன.

இந்தியாவில் ஐஐடி மும்பையும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 மருந்துக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை கார்-டி செல்லைத் தன் வளாகத்திலேயே ஏறத்தாழ 9 நாளில் தயாரித்து 'வெல்கார்ட்' ஆய்வை நடத்தியது. சிகிச்சை பெற்றவர்களில் 80 சதவீதம் பேர் 15 மாதங்களுக்குப் பிறகும் நோயின்றி இருந்ததாக 2025இல் செய்தி வந்தது. அவிகன் குழுவின் தடுப்பூசிக்கும் நோயாளியின் செல்லையே பதப்படுத்த வேண்டும் என்பதால், இணைப்புச் சிகிச்சைக்கு இத்தகைய மருத்துவமனைக் கூடங்களே ஏற்ற இடம்.

இந்தச் சிகிச்சைக்கு வேலூர் போவது எளிதுதான்: உதாரணமாக, தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர்க்காரர்கள் மொரப்பூரில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர். ஆனால் பயணத்தோடு முடிவதில்லை. செல் ஏற்றிய பின் கடுங்காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, மனக்குழப்பம் வரக்கூடும் என்பதால், துணைக்கு ஒருவரோடு சில வாரங்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டும்.