துபாய்: பிழைப்பூர் சுற்றுலா ஊரான கதை

அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கிய 1964-இல் துபாய்க் கடைவீதியில் புழங்கியதும் ரூபாய்தான். தங்கக் கடத்தலைத் தடுக்க 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கெனத் தனி நோட்டு வெளியிட்டிருந்தது. 1966-இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதும் துபாய் அதைக் கைவிட்டது. அதே ஆண்டில் அங்கே கடலடியில் எண்ணெய் கிடைத்தது. எண்ணெய் விலை எகிறிய 1973-க்குப் பின் அங்கே ஃபிட்டர், வெல்டர் போன்றோருக்குக் கிராக்கி ஏறியது. இங்கிருந்து வேலைக்குப் போனவர்களில் பலர் தனியாகவே போனார்கள். குடும்பத்தை அழைக்கச் சம்பள வரம்பு தடையாக நின்றது. எண்ணெய் வளம் சொற்பம் என்பதால் துபாய் சுற்றுலாவைப் பிடித்துக்கொண்டது: 1996-இல் ஷாப்பிங் திருவிழா, 2010-இல் 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபா. ஆவடி, பூந்தமல்லிக் குடும்பங்களுக்கும் இன்று துபாய் மீனம்பாக்கத்திலிருந்து சுமார் நான்கு மணி நேர விமானப் பயணம். வார இறுதியோடு ஓரிரு நாள் விடுப்புச் சேர்த்தால் மணல்மேட்டுச் சவாரியும் அடங்கிவிடும்.