உப்புக் கணக்கும் தேர்வு மதிப்பெண்ணும்

மரக்காணத்து உப்பளங்களிலே வெயிலில் நின்று உப்பு வாருவோரை மாணவர்கள் கண்டிருக்கலாம். சென்னை மாகாணத்தில் 1805-ஆம் ஆண்டு முதல் உப்பு வாணிகம் கும்பினியாரின் தனியுரிமையாயிற்று. 1947-இல் நீக்கப்படும் வரை உப்பின்மேல் விதித்த வரி அரசாங்கக் கருவூலத்திற்குச் சென்றது. அக் கருவூலத்தின் கணக்கைப் பார்க்கும் பதவி யாருக்குக் கிடைத்தது?

கும்பினியின் உயர் பதவிகளை முன்னாளில் இயக்குநர்களின் சிபாரிசே வழங்கிற்று. 1855-இல் சிவில் சர்விஸுக்குப் போட்டித் தேர்வு வந்தது. பின்னர் நிதி இலாகாவிற்கும் தேர்வு ஏற்பட்டது. 1907-இல் அத் தேர்வில் முதல்வராகத் தேறியவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சி. வி. இராமன். பதினெட்டு வயதிலேயே கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்டு ஜெனரலாக அமர்ந்தார்.

ஆயினும், அவருள் இருந்த விஞ்ஞானியை அம் மதிப்பெண் அளக்கவில்லை. அலுவல் முடிந்த வேளைகளில் ஆராய்ச்சி செய்தார். 1917-இல் பதவியைத் துறந்து பேராசிரியரானார். 1930-இல் நோபெல் பரிசு பெற்றார்.

உப்பளத் தொழிலாளியின் மகன் அத் தேர்வை எழுதியிருக்கக் கூடுமா? அதற்கு ஆங்கிலமும் கல்லூரிப் படிப்பும் வேண்டியிருந்தன. அவனுக்கோ எழுத்தறிவே எட்டாதிருந்தது. வரியைத் தந்த குடும்பம் கணக்கு மேசையை நெருங்க முடியவில்லை. தேர்வு சிபாரிசை விலக்கிற்று, பள்ளியைக் கொடுக்கவில்லை. ஆதலின், மதிப்பெண்ணைப் பார்க்கும்போது, அதை எழுத வாய்ப்பில்லாதவரையும் நாம் நினைத்தல் வேண்டும்.